டோனர்

சீடர் ரேப்பிட்ஸில், ஃபிரிட்ஜ் கதவுக்கு
ரப்பர் பட்டை செய்கிற ஆலையில்
டைம் கிளாக்குக்கும் கழிவறைக்கும் நடுவே என் மேஜை.
யாராயிருந்தாலும் என்னைத் தாண்டித்தான் போகணும்.

என் படிவத்தில் 'வாழ்க்கை நிகழ்வு' என்றொரு கட்டம்.
கல்யாணம், பிள்ளை, மணமுறிவு, சாவு,
வாழ்க்கைத்துணையின் வேலை போவது.
வேறெதுவும் நிகழ்வில் சேராது.
குடியை விட்டேன், அண்ணனோடு பேச்சு திரும்பியது
இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.
நிகழ்ந்த நாளிலிருந்து முப்பது நாள்.
மறுநாள் வந்தால்
ஜனவரி வரை உனக்கு யாரும் யாருமில்லை.

நான்காம் பிரஸ் மெர்ல் குபிசெக்
எண்ணெய்க் கையைப் பேன்ட்டில் துடைத்தபடி வந்தான்.
"வெர்னா, லோயிஸைச் சேர்க்கணும்."
பதினோரு வருஷம் ஒரே வீடு, ஒரே டிரக்,
ஒரே நாய், அது செத்து இன்னொரு நாய்.
கல்யாணம்தான் இருவருக்கும் தோன்றவில்லை.
அவள் வேலை பார்த்த பேக்கரியை மூடிவிட்டார்கள்.
கழுத்தில் கட்டி.
டாக்டர் சொன்ன நீளப் பெயரை
சிகரெட் அட்டையில் எழுதி வைத்திருந்தான்.

காதலிக்கு வேலை போனால் அது நிகழ்வல்ல,
மனைவிக்குப் போகணும் என்றேன்.
லைசென்ஸ் கையில் வர மூன்று நாள் காத்திருப்பு;
நாள் கணக்கெல்லாம் எனக்கு மனப்பாடம்.
செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில்
கோர்ட்டில் முடித்தார்கள்.
சாட்சிகளில் நான் ஒருத்தி.

நிகழ்வு நடந்த தேதி என்ற இடத்தில் பேனா நின்றது.
"பதினோரு வருஷத்துக்கு முந்தின தேதி போடலாமா?"
"கூடாது."

அட்டை வந்தது, லூயிஸ் என்று.
திருத்தம் வர மூன்று வாரம் ஆனது.
அதுவரை அவள் உடம்பில் ஏறிய மருந்தெல்லாம்
லூயிஸ் என்கிற ஆம்பிளையின் கணக்கில்.
முதல் மூவாயிரம் டாலர் உன் பாக்கெட், மெர்ல்.
அப்புறம் நூற்றுக்கு இருபது.
அதற்கும் மேலே போனால் முழுசும் கம்பெனிதான்.
"அப்போ நல்லா சீக்காளியா இருக்கணும்" என்றான்.
சிரித்தோம். என்ன செய்ய.

அக்டோபர் முப்பத்தொன்று, மதியம் இரண்டு இருபது.
மாடியிலிருந்து பட்டியல் வந்தது, எட்டுப் பெயர்.
இன்றே கடிதம், இன்றே கடைசி நாள்.
மெர்ல் மூன்றாவது.

கையேடு, பக்கம் பதினேழு, டைப் அடித்தது நான்:
வேலை முடிகிற மாதத்தின் கடைசி நாளோடு
காப்பீடும் முடியும்.
அதாவது இன்றிரவு பன்னிரண்டு மணி.
அதன்பின் முழுப் பிரீமியமும் நீயே கட்டித் தொடரலாம்,
சட்டத்தின் பெயர் கோப்ரா.
காசிருப்பவனுக்கு அது நல்ல பாம்பு.

லோயிஸுக்கு ஐந்தாவது ஊசி நவம்பர் ஆறில்.

பிரின்டரைத் திறந்தேன்.
டோனரைக் கழற்றி
ஹாலோவீன் மிட்டாய் இருந்த இழுப்பறையில் வைத்து
மேலே மிட்டாயைப் பரப்பினேன்.
நான்கரைக்கு மேலாளர் ட்ரென்ட் வந்தார்,
கடற்கொள்ளைக்காரன் வேஷம், ஒரு கண்ணில் கறுப்புத் துணி,
வீட்டில் பிள்ளைகள் வாளியோடு காத்திருக்கிறார்கள்.
"கடிதமெல்லாம்?"
"மெஷின் மக்கர்."
தெரிந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார்.
இழுப்பறையைத் திறந்து ஒரு மிட்டாய் எடுத்தார்.
மூடினார்.
"சரி, காலையில் கொடு. நாளைய தேதியே போடு."
என்ன பார்த்தார், என்ன பார்க்கவில்லை,
இன்றுவரை கேட்கவில்லை.

மறுநாள் ஏழு மணி, எட்டுக் கடிதம்.
மெர்ல் இரண்டு முறை படித்தான்.
தேதியில் விரல் நின்றது.
"இந்த மாசக் கடைசி வரைக்கும்?"
"முப்பதாம் தேதி வரைக்கும்."
கையுறையைக் கழற்றி என் மேஜையில் வைத்துவிட்டு
டைம் கிளாக்கில் அட்டையைத் தட்டினான்.
கையுறை கம்பெனியுடையது,
அதற்கும் ஒரு படிவம் உண்டு. நிரப்பவில்லை.

மற்ற ஏழு பேர் அந்த முப்பது நாளை
என்ன செய்தார்கள், எனக்குத் தெரியாது.
பெயின்ட் பிரிவு டுவேன் மட்டும்
முன்பல் கட்டிக்கொண்டானாம்.
போன வாரம் மளிகைக் கடையில்
முட்டை அடுக்குக்குப் பக்கத்தில் நின்று
என்னைப் பார்த்துச் சிரித்தான்.